ஆலையா, தலைமை அலுவலகமா, ஜிசிசியா? ஃபைனான்ஷியல் அனலிஸ்ட் வேலைக்கு மூன்று நாற்காலிகள்

சென்னை வட்டாரத்தில் சிஏ இன்டர், சிஎம்ஏ, எம்பிஏ என்று ஏதோ ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கு வரும் ஃபைனான்ஷியல் அனலிஸ்ட் ஆஃபர்கள் பெரும்பாலும் மூன்று வகை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் போன்ற இடங்களில் ஆலைக்குள்ளேயே இயங்கும் நிதிப் பிரிவு ஒன்று. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனத்தின் தலைமை அலுவலகம் இன்னொன்று. மூன்றாவது, ஓஎம்ஆரில் இருந்துகொண்டு வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் மையம். இதை இப்போது எல்லோரும் ஜிசிசி (குளோபல் கேபபிலிட்டி சென்டர்) என்கிறார்கள். பதவியின் பெயர் மூன்றிலும் ஒன்றுதான். விளம்பரத்தில் வரும் சொற்களும் ஒன்றுதான்: பட்ஜெட், ஃபோர்காஸ்ட் (முன்கணிப்பு), வேரியன்ஸ் (பட்ஜெட்டுக்கும் நிஜத்துக்கும் உள்ள வித்தியாசம்), எம்ஐஎஸ் (நிர்வாகத்துக்கான அறிக்கைகள்). ஆறு மாதம் உள்ளே உட்கார்ந்து பார்த்தால் மூன்றும் வெவ்வேறு தொழில்கள் என்பது தெரியும்.

ஆஃபரை எடை போடும்போது எல்லோரும் முதலில் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு தூரங்கள். நீங்கள் கையாளப்போகும் எண் பிறக்கும் இடம் உங்கள் நாற்காலியிலிருந்து எவ்வளவு தூரம்? அந்த எண்ணை வைத்து முடிவெடுப்பவர் எவ்வளவு தூரம்? ஐந்து வருடம் கழித்து உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும் என்பதை இந்த இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

எங்கே உட்கார்ந்தாலும் மாறாத வேலை

கணக்குப் பிரிவு நடந்ததைப் பதிவு செய்கிறது. அது திட்டத்திலிருந்து ஏன் விலகியது, இனி எங்கே போகும் என்று சொல்வது அனலிஸ்டின் பொறுப்பு. மாதாமாதம் 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ் கட்டுவதும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்னும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவதும் கணக்குப் பிரிவின் கவலை. அனலிஸ்டுக்கு நாட்கள் வேறு கணக்கில் ஓடும். மாதம் முடிந்த பிறகு வரும் முதல் வேலை நாள் டபிள்யூடி-1. முதல் மூன்று நாட்கள் பில் வராத செலவுகளுக்கு ப்ரொவிஷன் (உத்தேசத் தொகை) போடுவதில் போகும். நான்காம், ஐந்தாம் நாள் ஃப்ளாஷ், அதாவது உத்தேச லாப நஷ்டம். அதற்கடுத்த மூன்று நாட்கள் வேரியன்ஸ் விளக்கம். பத்தாம் நாள் வாக்கில் ரிவ்யூ. மாதத்தின் பின்பாதி ஃபோர்காஸ்டுக்கும், யாராவது திடீரென்று கேட்கும் கணக்குகளுக்கும். 3+9 ஃபோர்காஸ்ட் என்றால் மூன்று மாத நிஜமும் ஒன்பது மாத உத்தேசமும் சேர்ந்தது.

வேரியன்ஸ் விளக்கம் என்றால் என்ன என்பதை ஒரு கணக்கால் காட்டிவிடலாம். ஏ, பி என்று இரண்டு பொருட்கள். ஏ-யில் ஒன்றுக்குக் கிடைக்கும் கான்ட்ரிப்யூஷன் (விலையில் மாறும் செலவு போக மிஞ்சுவது) ரூ.200, பி-யில் ரூ.80. பட்ஜெட்டில் ஏ 6,000, பி 4,000; கான்ட்ரிப்யூஷன் ரூ.15,20,000. நிஜத்தில் விற்றது ஏ 4,500, பி 5,800, கான்ட்ரிப்யூஷன் ரூ.13,64,000. எண்ணிக்கையில் 300 கூடியிருக்கிறது, கான்ட்ரிப்யூஷனில் ரூ.1,56,000 குறைந்திருக்கிறது. பட்ஜெட் சராசரி ஒன்றுக்கு ரூ.152 என்பதால், கூடுதலாக விற்ற 300-க்கு ரூ.45,600 லாபம். மீதி ரூ.2,01,600 நஷ்டம் முழுக்க முழுக்க மிக்ஸ்: ஏ போய் பி வந்ததால் ஆனது. விற்பனைப் பிரிவு “டார்கெட்டைத் தாண்டிவிட்டோம்” என்று சொல்லும், அது பொய்யும் இல்லை. அந்த 2 லட்சத்தைப் பிரித்து மேசையில் வைப்பவர்தான் அனலிஸ்ட். ஏ ஏன் விற்கவில்லை, அடுத்த மாதம் திரும்பி வருமா என்று கேட்டு எழுதினால் விளக்கம் முழுமையாகும். “மிக்ஸ் காரணமாகக் குறைவு” என்று நிறுத்தினால், எக்செல் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொன்னதாகத்தான் ஆகும்.

மூன்று நாற்காலியிலும் ஒரே மாதிரி நடக்கும் விபத்து ஒன்று உண்டு. எஸ்ஏபி என்னும் நிறுவன மென்பொருளிலிருந்து இறக்கும் கோப்பில் மைனஸ் குறி பல நேரம் எண்ணுக்குப் பின்னால் வரும்: 1,250.00- என்று. எக்செல் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டால், சம் ஃபார்முலா பிழை காட்டாது; அந்தக் கட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டும். கழிய வேண்டிய கிரெடிட் எதுவும் கழியாமல் செலவு வீங்கித் தெரியும். டெக்ஸ்ட் டு காலம்ஸ் கருவியின் அட்வான்ஸ்ட் பகுதியில் இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. அதைவிட முக்கியமான பழக்கம், இறக்கிய கோப்பின் மொத்தத்தை ட்ரையல் பேலன்ஸோடு (எல்லாக் கணக்குகளின் இருப்புப் பட்டியல்) பொருத்திப் பார்க்காமல் பிவட் (எக்செலின் சுருக்க அட்டவணை) போடாமல் இருப்பது.

ஆலை: எண் கண்முன்னே பிறக்கும் இடம்

ஆலை நிதிப் பிரிவின் உயிர் ஸ்டாண்டர்ட் காஸ்ட், அதாவது ஒரு பாகத்துக்கு இவ்வளவு ஆக வேண்டும் என்று முன்கூட்டியே வகுத்த செலவு. ஒரு பாகத்துக்கு எத்தனை கிலோ எஃகு, எத்தனை நிமிட மெஷின் நேரம் என்று பிஓஎம்மிலும் (மூலப்பொருள் பட்டியல்) ரவுட்டிங்கிலும் (வேலைப் படிகளின் பட்டியல்) எழுதியிருக்கும். உற்பத்தி பதிவானதும், பிஓஎம் அளவுப்படி மூலப்பொருளைச் சிஸ்டம் தானே கழித்துக்கொள்ளும். இதை பேக்ஃப்ளஷ் என்பார்கள். பிஓஎம்மில் 1.20 கிலோ என்று இருக்க, தரையில் 1.26 கிலோ பிடிக்கிறது என்று வையுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் 60 கிராம் ஏட்டில் மிச்சம் இருக்கும், ஸ்டோர்ஸில் இருக்காது. 50,000 பாகம் ஓடினால் 3 டன். கிலோ ரூ.70 என்றால் ரூ.2,10,000. மாதாமாதம் லாபம் நன்றாக இருப்பதுபோலத் தெரிந்து, ஸ்டாக் எண்ணும் நாளன்று மொத்தமும் ஒரே அடியாக நஷ்டத்தில் விழும். அன்று எல்லோரும் திருட்டைச் சந்தேகிப்பார்கள். பிரெஸ் ஷாப்பில் போய் ஸ்ட்ரிப்பின் அகலத்தை அளந்து பார்த்தவருக்குத்தான் விடை தெரியும்.

இதைத்தான் ஆலை கற்றுத்தருகிறது. கண்டெய்னர் தாமதத்தால் விமானத்தில் அனுப்பிய சரக்குக்கு ஏன் அவ்வளவு செலவு என்று டிஸ்பாட்ச் சூப்பர்வைசரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் பதில் வரும், அதுவும் தமிழில் வரும். (ஓசூரில் கன்னடமும் தெலுங்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் பதில் இன்னும் சீக்கிரம் வரும்.) ஒப்பந்தத் தொழிலாளர் பில் அடுத்த மாதம் இரண்டாம் வாரம்தான் கைக்கு வரும். அதற்குள் வருகைப் பதிவேட்டை வைத்து ப்ரொவிஷன் போடத் தெரிய வேண்டும். எஃகு விலை ஏறி, வாகன நிறுவனத்திடமிருந்து விலைத் திருத்தம் ஒரு காலாண்டு தாமதமாக வரும் என்றால், இடைப்பட்ட மாதங்களில் எவ்வளவை வருமானமாக எடுக்கலாம் என்று பர்ச்சேஸ் ஆட்களோடு உட்கார்ந்துதான் முடிவு செய்ய முடியும்.

மின்சாரச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பல ஆலைகள் காற்றாலை நிறுவனத்தில் பங்கு வைத்து, குரூப் கேப்டிவ் முறையில் மின்சாரம் எடுக்கின்றன. அப்படி எடுப்பவர்கள் சேர்ந்து குறைந்தது 26% பங்கு வைத்திருக்க வேண்டும், உற்பத்தியாகும் மின்சாரத்தில் 51%-ஐயாவது பயன்படுத்த வேண்டும் என்பது 2005ஆம் ஆண்டு மின்சார விதிகள். காற்றுக்காலம் மே முதல் செப்டம்பர் வரை. வருட பட்ஜெட்டை பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்கு ஒரே தொகை போட்டுவைத்த அனலிஸ்ட், ஆடி மாதத்தில் சேமிப்பு என்று எழுதி, மார்கழியில் அதிகச் செலவு என்று எழுதுவார். இரண்டுமே உண்மையில் வேரியன்ஸ் இல்லை. பட்ஜெட்டை மாதங்களுக்குப் பிரித்த விதம் தவறு.

ஆலைத் தலைவரின் அழுத்தம் எப்படி வரும் என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். மாத நிலைச் செலவு (உற்பத்தி கூடினாலும் குறைந்தாலும் மாறாதது) ரூ.1 கோடி, உற்பத்தி 50,000 என்றால் ஒன்றுக்கு ரூ.200 ஏறுகிறது. விற்றது 40,000 என்றால், மீதி 10,000-இல் ரூ.20 லட்சம் நிலைச் செலவு ஸ்டாக்கின் மதிப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த மாத லாபம் அழகாக இருக்கும். காலாண்டின் கடைசி வாரத்தில் ஆர்டர் இல்லாத பாகம் ஓடினால், அனலிஸ்ட் அதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். அதை எழுத இடம் கொடுக்காத ஆலையில் வெகுகாலம் இருப்பது நல்லதல்ல.

குறைகள் வெளிப்படையானவை. நிதிப் பிரிவு சிறியது. கேபெக்ஸ் (முதலீட்டுச் செலவு) கணக்கு, இன்சூரன்ஸ் க்ளைம், ஸ்டாக் எண்ணிக்கை எல்லாம் உங்கள் தலையில் விழும். பல இடங்களில் சனிக்கிழமையும் வேலை நாள். கம்பெனி பஸ்ஸை விடியற்காலையில் பிடிக்க வேண்டும். கருவி என்று பார்த்தால் எஸ்ஏபியும் எக்செலும்தான். பவர் பிஐ (எண்களைப் படமாகக் காட்டும் மென்பொருள்) இருந்தால் அதிர்ஷ்டம்.

தலைமை அலுவலகம்: முடிவு நடக்கும் அறைக்குப் பக்கம்

இங்கே கையாளும் எண் நான்கைந்து ஆலைகளிலிருந்தும் துணை நிறுவனங்களிலிருந்தும் ஏற்கெனவே பிறந்து வளர்ந்து வந்தது. அதை ஒன்றுசேர்ப்பது, குழும நிறுவனங்களுக்குள் நடந்த விற்பனையைக் கழிப்பது, போர்டுக்கான தாள் தயாரிப்பது, முதலீட்டு முன்மொழிவுகளை என்பிவி (வருங்காலப் பணத்தின் இன்றைய நிகர மதிப்பு) போட்டுப் பார்ப்பது ஆகியவை அன்றாடம். ஓர் ஆலை அனுப்பிவிட்டது, துணை நிறுவனம் இன்னும் பெறவில்லை என்று வழியில் நிற்கும் சரக்கு ஒவ்வொரு காலாண்டும் இரண்டு பக்கமும் பொருந்தாமல் தொல்லை கொடுக்கும்.

இங்கே கிடைக்கும் பெரிய லாபம், எண் எப்படி முடிவாக மாறுகிறது என்பதைப் பார்ப்பது. ஆண்டு விற்பனை ரூ.1,825 கோடி உள்ள நிறுவனத்தில் ஒரு நாள் விற்பனை ரூ.5 கோடி. வாடிக்கையாளரிடமிருந்து பணம் ஒரு நாள் முன்னதாக வந்தால் 5 கோடி கடன் குறையும். 9% வட்டியில் ஆண்டுக்கு ரூ.45 லட்சம் மிச்சம். இந்த ஒற்றை வரியைத் தாளில் வைத்ததும் சிஎஃப்ஓ (நிதித் தலைவர்) எந்த டீலரை அழைத்துப் பேசுகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார் என்று பார்ப்பது வேறெங்கும் கிடைக்காத பயிற்சி.

நேர நெருக்கடியைச் சட்டமே எழுதிவைத்திருக்கிறது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி காலாண்டு முடிவுகளை 45 நாட்களுக்குள்ளும், தணிக்கை செய்த ஆண்டு முடிவுகளை 60 நாட்களுக்குள்ளும் வெளியிட வேண்டும். நிறுவனங்கள் பலவும் அதற்கு வெகு முன்னதாகவே போர்டு கூட்டத்தை வைத்துவிடுவதால், சித்திரை முதல் நாள் உங்களுக்கு அலுவலகத்தில் விடியலாம். இன்னொன்றைச் சேரும் முன்பே யோசித்துவிடுங்கள். வெளியாகாத முடிவுகளைப் பார்க்கும் நபர் என்பதால் உங்கள் பெயர் நிறுவனத்தின் பட்டியலில் ஏறும். காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் வரை அந்த நிறுவனப் பங்கை நீங்கள் வாங்கவோ விற்கவோ கூடாது. வாழ்க்கைத்துணைக்கும், உங்களைச் சார்ந்திருக்கும் அல்லது பங்கு விஷயத்தில் உங்களிடம் யோசனை கேட்கும் நெருங்கிய குடும்பத்தாருக்கும் இது பொருந்தும். வீட்டில் அப்பாவோ கணவரோ அந்தப் பங்கில் வியாபாரம் செய்பவராக இருந்தால் முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆபத்து, எண்களைத் திரட்டி ஒட்டும் எழுத்தராக நின்றுவிடுவது. ஆலை அனுப்பிய விளக்கத்தை வெட்டி ஸ்லைடில் ஒட்டி, எழுத்துரு அளவைச் சரிசெய்தே இரண்டு வருடம் ஓடிவிடக்கூடும். முன்பே ஆலையில் இருந்தவருக்கு இந்த ஆபத்து குறைவு. எந்தக் கேள்வியைக் கேட்டால் எதிர்முனை தடுமாறும் என்று அவருக்குத் தெரியும்.

ஜிசிசி: ஒழுங்கும் கருவியும் உண்டு, தூரமும் உண்டு

சென்னைக்கு இது புதிதல்ல. உலக வங்கி தன் நிதிப் பணிகளின் ஒரு பகுதியை 2001-இலிருந்தே இங்கே நடத்துகிறது. வேலை நிலைக்குமா என்று பயப்படுபவர்கள் ஃபோர்டைக் கவனிக்கலாம். இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அது 2021 செப்டம்பரில் அறிவித்தது, மறைமலைநகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. சென்னையில் உள்ள அதன் வணிகச் சேவை மையம் தொடர்ந்து நடந்தது. ஆலை நிதிப் பிரிவு ஆலையோடு வாழும், ஆலையோடு போகும். உலக மையத்தின் ஆயுள் உள்ளூர் விற்பனையைச் சார்ந்ததல்ல. அதேசமயம், தாய் நிறுவனம் ஒரு வேலையைப் போலந்துக்கோ மணிலாவுக்கோ மாற்ற முடிவெடுத்தால் சென்னையில் யாரிடமும் கேட்கமாட்டார்கள்.

கருவிகள் இங்கேதான் சிறப்பு. ஆனாபிளான், ஹைபீரியன் போன்ற திட்டமிடல் மென்பொருள்கள், பவர் பிஐ எல்லாம் கையில் பழகும். அமெரிக்காவில் பட்டியலான தாய் நிறுவனம் என்றால் 2002-இன் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டப்படி ஒவ்வொரு சரிபார்ப்புக்கும் ஆதாரம் வைக்க வேண்டும்: யார் தயாரித்தார், யார் பார்த்தார், எந்தத் தேதி. முதலில் எரிச்சலாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து, ஆதாரமில்லாத எண்ணைக் கை தொடாது. அந்தப் பழக்கம் எங்கே போனாலும் கூட வரும்.

தூரம்தான் சிக்கல். எண் டெக்சாஸில் பிறக்கிறது, முடிவு நியூயார்க்கில் நடக்கிறது, நீங்கள் சோழிங்கநல்லூரில் காரணம் கேட்டு மெயில் அனுப்பிக் காத்திருக்கிறீர்கள். டபிள்யூடி-5க்குள் பதில் வராவிட்டால் “டைமிங்” (செலவு மாதம் மாறி விழுந்திருக்கிறது) என்று எழுதும் ஆசை வரும். பல விளக்கங்களில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் “யாரும் பதில் சொல்லவில்லை” என்பதுதான். அடுத்த மாதம் அந்தச் செலவு திரும்பி வராதபோது எழுதியவர் மாட்டிக்கொள்வார்.

நாணய மாற்று, இந்த மையங்களில் புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடம். சென்னை மையத்தின் செலவு ரூ.8.3 கோடி என்று வையுங்கள். பட்ஜெட் விகிதம் டாலருக்கு ரூ.83 என்றால் 10 லட்சம் டாலர். நிஜ விகிதம் ரூ.86 ஆனால் 9,65,116 டாலர். ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்காமல் ஏறக்குறைய 35,000 டாலர் “சேமிப்பு” தெரியும். அதனால்தான் பட்ஜெட் விகிதத்தில் ஒரு முறையும் நிஜ விகிதத்தில் ஒரு முறையும் கணக்குப் போட்டு, வித்தியாசத்தைத் தனி வரியாகக் காட்டச் சொல்கிறார்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்பது கோடையில் நமக்கு மாலை 6.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது 7.30 ஆகி, மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை அப்படியே இருக்கும். காலண்டர் ஆண்டுக் கணக்கு வைக்கும் நிறுவனத்தில் பட்ஜெட்டின் கடைசிக் கட்டமும் ஆண்டு முடிவும் வருவது இதே மாதங்களில்தான். பொங்கல் ஏறக்குறைய ஒன்பதாம் வேலை நாளில், ரிவ்யூவுக்கு நடுவில் வந்து விழும். சேரும் முன்பே லீவு முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளி நிறுவனங்களுக்காக ஒப்பந்தத்தில் நிதிப் பணி செய்யும் அவுட்சோர்சிங் கம்பெனிகளும் இதே பதவிப் பெயரைத் தருகின்றன. அங்கே உங்கள் வேலை நேரம் வாடிக்கையாளருக்கு விற்கப்படும் சரக்கு. குறித்த நேரத்தில் அறிக்கை போய்விட்டதா என்பதுதான் அளவு. வேறு ஆஃபர் இல்லையென்றால் சேரலாம், இரண்டு வருடத்துக்குள் இடம் மாறும் திட்டத்தோடு.

சிடிசியைப் பிரித்துப் பார்ப்பது

சிடிசி என்பது உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. கணக்குக்காக இரண்டு ஆஃபர். ஜிசிசி ரூ.9,00,000, அதில் 10% வேரியபிள் (செயல்திறனைப் பொறுத்துத் தரும் தொகை). ஆலை ரூ.8,20,000, வேரியபிள் இல்லை. இரண்டிலும் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) சிடிசியில் 40%. இரண்டிலும் நிறுவனம் கட்டும் பிஎஃப் பேசிக்கில் 12%, கிராஜுவிட்டி பேசிக்கில் 4.81%, இன்சூரன்ஸ் ரூ.12,000 ஆகியவை சிடிசிக்குள்ளேயே அடக்கம். ஜிசிசியில் 43,200 + 17,316 + 90,000 + 12,000 போக மாதம் ரூ.61,457. ஆலையில் 39,360 + 15,777 + 12,000 போக மாதம் ரூ.62,739. உங்கள் பங்கு பிஎஃப்பும் வரியும் இன்னும் பிடிக்கவில்லை. 80,000 குறைவாகத் தெரிந்த ஆஃபர் மாதத்தில் சுமார் ரூ.1,280 கூடுதலாகத் தருகிறது. கேன்டீன், பஸ், வாடகை வித்தியாசம் இன்னும் சேரவில்லை. வேரியபிளைக் கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை சதவீதம் கொடுத்தார்கள் என்று ஹெச்ஆரிடம் நேராகக் கேளுங்கள். நீண்ட ஓட்டத்தில் சம்பள உயர்வு ஜிசிசியில் வேகமாக இருக்கலாம், அதை மறைக்கத் தேவையில்லை.

எதை எடுப்பது

முதல் வேலையாக இருந்து, மூன்றில் எதையும் எடுக்க முடியும் என்றால் ஆலைதான். பயணமும் சனிக்கிழமையும் சிரமம்தான், ஆனாலும் ஆலைதான். ஸ்டாண்டர்ட் காஸ்ட்டும் ஸ்டாக்கும் புரிந்தவரை மூன்று வருடம் கழித்து ஜிசிசி எடுத்துக்கொள்ளும். ஆனாபிளானை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். திரும்பி வருவது கடினம்: நான்கு வருடம் பயணச் செலவு அறிக்கை மட்டும் பார்த்தவரை ஆலை எடுக்கத் தயங்கும். குழந்தை, வயதான பெற்றோர், நகரத்தை விட்டு நகர முடியாத நிலை இருந்தால் ஜிசிசி நியாயமான தேர்வு. ஆனால் நேர்காணலில் “விளக்கத்தை இங்கே எழுதுகிறார்களா, அங்கே எழுதி இங்கே ஒட்டுகிறார்களா?” என்று கேட்டுவிடுங்கள். “கடந்த மாத ரிவ்யூவில் சென்னையிலிருந்து யார் பேசினார்?” என்ற கேள்வி அதைவிடக் கூர்மையானது. தலைமை அலுவலகத்தை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்வது நல்லது. சிஏ முடித்தவருக்கு மட்டும் அது முதல் வேலையாகவும் சரிப்படும்.

படிப்பு கூட்ட நினைப்பவர்கள் கவனிக்க: ஆலையில் இந்தியக் காஸ்ட் அக்கவுன்டன்ட்ஸ் நிறுவனத்தின் சிஎம்ஏவுக்கு மதிப்பு அதிகம், ஜிசிசியில் அமெரிக்க சிஎம்ஏவும் பிரிட்டனின் ஏசிசிஏவும் எடுபடும். சிஎஃப்ஏ முதலீட்டுத் துறைக்கானது, இந்த மூன்று நாற்காலிக்கும் அது அவசியமில்லை.

சேரும் மாதத்தையும் முடிந்தால் நீங்களே தேர்ந்தெடுங்கள். ஏப்ரல்–மார்ச் கணக்கு வைக்கும் நிறுவனத்தில் ஆகஸ்டில் சேர்ந்தால், பட்ஜெட் வேலை சூடுபிடிக்கும் முன் மூன்று மாதக் குளோசிங்கையாவது பார்த்துவிடலாம். காலண்டர் ஆண்டு நிறுவனத்துக்கு ஏப்ரல், மே சரியான நேரம். இப்போதைய வேலையில் 90 நாள் நோட்டீஸ் என்றால், அங்கிருந்து பின்னோக்கி எண்ணி ராஜினாமா தேதியை வையுங்கள்.